கரூர் ஆற்றில் கிரேக்கக் காசு: ஒரு நூலும் என் சந்தேகங்களும்

"அலெக்சாண்டர் காலத்துலயே தமிழன் கிரேக்கனோட நேரடி வியாபாரம் பண்ணான், ஆதாரம் கரூர் காசு" என்று ஒரு படம் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். மூலம் எது என்று தேடிப் போனால் ஒரு நல்ல நூலில் போய் நிற்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 2000இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. கரூரில் கிடைத்த, ரோமானியர் அல்லாத பழங்கால அயல்நாட்டுக் காசுகளைப் பற்றிய நூல். என் சண்டை பெரும்பாலும் நூலோடு இல்லை, அதைப் படிக்காமலே அதிலிருந்து தாவுகிறவர்களோடு. ஆனால் நூலிலும் ஒரு ஓட்டை இருக்கிறது.

முதலில் அதன் பலம். செலூக்கிய அரசர்கள், ரோட்ஸ் தீவு, கிரீட் என்று மத்தியதரைக் கடல் பக்கத்துக் காசுகளைப் படத்தோடும் எடையோடும் ஒரு இடத்தில் பார்க்க முடிகிறது. இந்தக் காசுகள் பேசும் முறையே தனி அழகு. ரோட்ஸ் காசில் ஒரு பக்கம் சூரியக் கடவுள், மறு பக்கம் ரோஜா. கிரேக்கத்தில் ரோஜாவுக்குப் பெயர் 'ரோடோன்'. ஊர்ப் பெயரைப் பூவாகவே அச்சடித்துவிட்டார்கள். ஏதென்ஸுக்கு ஆந்தை, எபேசுக்குத் தேனீ. நம் பக்கம் வில், மீன், புலி. படிக்கத் தெரியாதவனும் இது யார் காசு என்று சொல்லிவிடலாம்.

செலூக்கஸ் அலெக்சாண்டரின் தளபதி. சந்திரகுப்த மௌரியரோடு உடன்படிக்கை செய்து 500 யானை வாங்கிப் போனதாகக் கிரேக்க ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர் காசில் யானைகள் தேர் இழுப்பதைப் பார்க்கும்போது நமக்கும் கொஞ்சம் பெருமைதான், மறுக்கவில்லை.

இனி ஓட்டை. இந்தக் காசுகள் அகழாய்வுக் குழியிலிருந்து வந்தவை இல்லை. அமராவதி ஆற்று மணலைச் சலிப்பவர்கள் எடுத்து, வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து சேகரிப்பாளரிடம் வந்தவை. ஆற்று மணலில் மண்ணடுக்கு கிடையாது. எங்கள் தொழிலில் சொன்னால், நேரமே பதிவாகாத லாக் ஃபைல். என்ன நடந்தது என்று தெரியும், எப்போது என்று தெரியாது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அடித்த காசு அதே நூற்றாண்டில் கரூருக்கு வந்தது என்பதற்கு அந்தக் காசே சாட்சி ஆகாது. செலூக்கிய அரசு கி.மு. 63 வாக்கில் ரோமானியரிடம் முடிந்துபோனது. அதற்குப் பிறகுதான் அகஸ்டஸ் காலத்தில் பருவக்காற்றைப் பிடித்து வரும் கப்பல்கள் பெருகின. அந்தக் கப்பலில் வந்த எவனோ ஒருத்தனின் மடியில் கிடந்த பழைய சில்லறையாகவும் இருக்கலாம் இல்லையா?

சில்லறை என்று தெரிந்தே சொல்கிறேன். மிளகு வாங்க வந்தவன் கொடுத்தது வெள்ளியும் பொன்னும். கொங்குப் பகுதிப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அது வணிகப் பணம். சின்னச் செப்புக் காசுக்கு அடித்த ஊரைத் தாண்டினால் மதிப்பு ஏது? அது வந்தது என்றால் ஆள் வந்திருக்கலாம், பழைய செம்பாக வந்திருக்கலாம். அதை வைத்து ஒரு கிரேக்க அரசனுக்கும் சேரனுக்கும் உறவு பேசுவது அதிகம்.

இந்த விஷயத்தில் நானே ஏமாந்த ஆள். சில வருஷம் முன்னால் ஒரு காசுக் கண்காட்சியில் "கரூர் ஆத்துல எடுத்தது சார்" என்று சொல்லி ஒருவர் கொடுத்த ரோஜாக் காசை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். திருமுடிவாக்கம் சிட்கோவில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். ரோஜாவை அவர் பார்க்கவே இல்லை. விளிம்பை நகத்தால் தடவிவிட்டு, "இது மோல்டுல ஊத்தினது. ரெண்டு பாதி சேர்ற கோடு தெரியுது பாருங்க" என்றார். ரோட்ஸ் காசு வார்த்தது இல்லை, அச்சால் அடித்தது. "ஆத்துல எடுத்தது" என்ற ஒரு வார்த்தைக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன். கரூர் என்ற பெயருக்கு ஒரு சந்தை விலை வந்துவிட்டால் நேற்று ஊற்றியதும் கரூர் காசுதான். நல்ல பட்டியலுக்குள்ளும் இப்படி ஒன்றிரண்டு நுழையலாம் என்ற பயம் அன்றிலிருந்து எனக்கு உண்டு.

அதற்காகச் சேகரிப்பாளர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. அவர்கள் வாங்காமல் விட்டிருந்தால் பலதும் உருக்குக் குடுவைக்குப் போயிருக்கும். பெருவழுதி என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியன் காசை இதே கிருஷ்ணமூர்த்திதான் வாங்கி, சுத்தம் செய்து, படித்துக் காட்டினார். சங்க காலத் தமிழ் வேந்தர் காசே அடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதோடு அடங்கினார்கள்.

யவனத் தொடர்புக்கு எனக்குப் பிடித்த சாட்சியும் அவர் வெளியிட்டதுதான், ஆனால் அது கிரேக்கக் காசு இல்லை. மாக்கோதை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசு. நம் பழங்காசுகளில் யானையும் குதிரையும்தான் வழக்கம். இதில் பக்கவாட்டில் ஒரு மனித முகம், ரோமானியப் பேரரசர் காசில் இருப்பது மாதிரி. இதுவும் ஆற்றிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்நியக் காசைப் பார்த்த தாக்கம் காசின் முகத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல மண்ணடுக்கு வேண்டியதில்லை. வாட்ஸ்அப் படத்தில் போட வேண்டியது இதைத்தான். இதுவரை ஒருத்தரும் எனக்கு அனுப்பவில்லை.