காற்றாலையும் ஊராரும்

‘தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்’ என்ற ஆங்கில நூல் 2009-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டைச் சேர்ந்த வில்லியம் கம்க்வம்பா, பிரையன் மீலர் என்பவருடன் சேர்ந்து எழுதிய தன்வரலாறு இது. 2019-இல் சுவெட்டல் எஜியோஃபோர் இதைத் திரைப்படமாக்கினார். படம் உள்ளத்தை உருக்குகிறது. தந்தையாக அவரே நடித்திருப்பது மிகச் சிறப்பு. எனினும் அறிவியல் மாணவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

2001-02 பஞ்சத்தில் கட்டணம் செலுத்த இயலாமல் பள்ளியை விட்ட சிறுவன், நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, டிராக்டர் விசிறி, சைக்கிள் டைனமோ, பிளாஸ்டிக் குழாய் முதலியவற்றைக் கொண்டு காற்றாலை அமைத்தான். படத்தில் அது நீர் இறைத்து, வறண்ட வயலைப் பசுமையாக்குகிறது. உண்மையில் அந்த முதற் காற்றாலை எரித்தது வீட்டு விளக்கைத்தான். நீர் இறைக்கும் பம்பு சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். அதன் திறன் ஏறக்குறைய 12 வாட். 10 மீட்டர் ஆழத்திலிருந்து 1 லிட்டர் நீரை உயர்த்த 98 ஜூல் ஆற்றல் வேண்டும். இழப்பே இல்லை எனக் கொண்டாலும் நிமிடத்திற்கு 7 லிட்டர்தான் கிடைக்கும். ஓர் ஏக்கரில் 5 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்ச 20,000 லிட்டர் தேவை. அதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் காற்று இடைவிடாமல் வீச வேண்டும்!

கதைச் சுவைக்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நீர் பாய்ந்ததோடு சிக்கல் தீர்ந்ததாகப் படம் காட்டுவதை ஏற்பதற்கில்லை. பழுதானால் பார்ப்பவர் யார்? ஊரார் அதைத் தமதாகக் கருதுவார்களா? இவற்றுக்கு நூலில்தான் விடை உண்டு. டைனமோ வாங்கப் பணம் கொடுத்தவன் நண்பன் கில்பர்ட். கறையான் அரித்த கூரைக்கட்டை விழுந்து மின்கம்பிகள் உரசியபோது, ஆணிகளில் கம்பியைச் சுற்றி, நடுவே காந்தம் வைத்து, மின்சுற்று முறிப்பான் ஒன்றை வில்லியமே செய்துகொண்டான். அக்கம்பக்கத்தார் கைபேசிக்கு மின்னேற்ற வந்தனர். ஆனால் 2006-இல் மழை பொய்த்தபோது, காற்றாலைதான் மேகங்களை விரட்டுகிறது என்று ஊரில் பழி பேசினர்.

நூலில் நான் முக்கியமாகக் கருதுவது இந்தச் செய்தியே. கோபுரம் ஊர் முழுவதற்கும் தெரிந்தது. விளக்கு எரிந்ததோ ஒரு வீட்டில். பயனில் பங்கில்லாதவர்களுக்கும், இயங்கும் முறை விளங்காதவர்களுக்கும் எந்த எந்திரமும் அந்நியப் பொருளே. சூரிய மின்தகடானாலும் சாண எரிவாயுக் கலமானாலும் நிலை இதுதான். அமைக்கும்போதே பயனையும் பொறுப்பையும் ஊராருடன் பகிர்ந்து, இயங்கும் விதத்தையும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்த மாணவர்கள் நூலையும் அவசியம் படிக்க வேண்டும்.