எத்தனை பங்கு வாங்கலாம்? கொழும்பிலும் மும்பையிலும் ஒரு கணக்கு

பங்கு வாங்கப் போகிறவர்கள் எந்தக் கம்பெனி என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். எத்தனை பங்கு என்று விசாரிப்பவர்கள் குறைவு. சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும், கையில் ஒரு லட்சம் இருந்தால் அந்த ஒரு லட்சத்துக்கும் வாங்கிவிடுகிறோம். நல்ல கம்பெனியைத் தேர்ந்தெடுத்தும் நட்டப்பட்டவர்கள் ஏராளம். அவர்களில் பலர் சறுக்கியது அளவில்தான். அந்த அளவை இந்தியாவில் ஒரு விதமாகவும் இலங்கையில் வேறு விதமாகவும் போட வேண்டியிருக்கிறது.

இரண்டு சந்தைகள்

மும்பைப் பங்குச் சந்தை 1875-இல் தொடங்கியது. தேசியப் பங்குச் சந்தையில் 1994-இல் வணிகம் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் இந்தியாவின் டீமேட் கணக்குகள் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குகள்) 10 கோடியைத் தாண்டின. 2023 ஜனவரி முதல், வாங்கிய பங்கு மறுநாளே கணக்குக்கு வந்துவிடுகிறது. பங்கை வாங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளும் டெலிவரி வணிகத்துக்குத் தரகே வாங்காத புரோக்கர்களும் இருக்கிறார்கள். பெரிய கம்பெனி ஒன்றின் நூறு பங்கைக் காலை 9.15-இலிருந்து மாலை 3.30 வரை எந்த நிமிடத்திலும் விற்றுவிடலாம்.

கொழும்பில் பங்கு வணிகத்தின் வரலாறு 1896 வரை போகிறது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தை 1985-இல் உருவானது. பட்டியலில் உள்ள கம்பெனிகள் 300-ஐத் தொடவில்லை. தரகர் வழியாக, டீமேட் போன்ற சிடிஎஸ் கணக்குத் திறந்து, காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை வணிகம் செய்யலாம். கொடுக்கல் வாங்கல் முடிய இரண்டு வேலை நாட்கள் ஆகும். சில கம்பெனிகளில் தினமும் லட்சக்கணக்கில் பங்குகள் கைமாறும். பல கம்பெனிகளில் நாள் முழுக்கச் சில நூறு பங்குகள் விற்றாலே அதிகம்.

செலவு செய்யும் வேலை

தேர்ந்த முதலீட்டாளர்கள் இரு நாடுகளிலும் சொல்லும் விதி ஒன்று உண்டு: ஒரு பங்கு நம்மைக் கைவிட்டால் மொத்த முதலீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த விதியை இரண்டு ஊரிலும் போட்டுப் பார்ப்போம்.

இந்தியாவில் ஒருவரிடம் 5 லட்சம் ரூபாய் பங்கு முதலீடு இருக்கிறது. 1 சதவீதம் என்றால் 5,000 ரூபாய். பங்கின் விலை 500; அது 440-க்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று முடிவு. ஒரு பங்குக்கு நட்டம் 60 ரூபாய். 5,000-ஐ 60-ஆல் வகுத்தால் 83 பங்கு. பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம், முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். தரகு இல்லாத புரோக்கரிடம் இவற்றையும் சந்தைக் கட்டணத்தையும் சேர்த்தால் பங்குக்குச் சுமார் 1 ரூபாய் 5 காசு. இப்போது 83 என்பது 81 ஆகிறது.

இலங்கையில் ஒருவரிடம் 10 லட்சம் இலங்கை ரூபாய் இருக்கிறது. 1 சதவீதம் 10,000 ரூபாய். பங்கு 80 ரூபாய். 70-க்கு வந்தால் வெளியேறுவது. பங்குக்கு 10 ரூபாய் நட்டம் என்றால் 1,000 பங்கு வாங்கலாம் போலத் தெரியும். ஆனால் தரகு, சந்தைக் கட்டணம், சிடிஎஸ் கட்டணம், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணைக்குழுவின் தீர்வை, 0.3 சதவீதப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்ந்து, 10 கோடி ரூபாய் வரையான வணிகத்துக்கு வழக்கமாக 1.12 சதவீதம். வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது ஒரு முறை. 80-க்கு 90 காசு, 70-க்கு 78 காசு. உண்மையான நட்டம் பங்குக்கு 11 ரூபாய் 68 காசு. 1,000 பங்கு 856 ஆகிவிடுகிறது.

இந்தியாவில் இரண்டு பங்கு குறைந்தது; இலங்கையில் 144. கொழும்பில் அடிக்கடி வாங்கி விற்பவர் தன் முதலைத் தானே கரைக்கிறார். அங்கே பொறுமை வெறும் நல்ல குணமாக நின்றுவிடவில்லை, பணக் கணக்காகவும் இருக்கிறது.

வெளியேறும் வாசல்

கொழும்புக் கணக்கு இத்தோடு முடியவில்லை. அந்தப் பங்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 1,000 பங்குகள்தான் கைமாறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். விலையைக் கெடுக்காமல் விற்க வேண்டுமானால் அன்றைய வணிகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நாம் இறக்கக் கூடாது. அதாவது நாளுக்கு 100. 856 பங்கையும் விற்க ஒன்பது நாள் வேண்டும். ஒரு வாரத்துக்குள், ஐந்து வணிக நாட்களில், வெளியேற வேண்டும் என்றால் 500 பங்குக்கு மேல் வாங்கவே கூடாது. ஆயிரத்தில் தொடங்கிய எண் 856-ஆகி, ஐந்நூறில் வந்து நிற்கிறது. இந்தியாவிலும் சிறு கம்பெனிப் பங்குகளுக்கு இதே கணக்கு தேவைப்படும். கொழும்பில் நடுத்தரக் கம்பெனிக்கே தேவைப்படுகிறது.

சந்தையே மூடிக்கொள்ளும் நாளும் வரும். 2022 ஏப்ரல் 12-இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. ஏப்ரல் 18 தொடங்கிய வாரம் முழுவதும் பங்குச் சந்தை மூடப்பட்டது. 25-ஆம் தேதி திறந்தபோதும் சரிவின் வேகத்தால் வணிகம் இடையில் நிறுத்தப்பட்டது. "70-க்கு வந்தால் விற்பேன்" என்று எழுதி வைத்தவர்களுக்கு அந்த நாட்களில் 70 என்ற விலையே கிடைக்கவில்லை.

பெரிய சந்தை என்பதால் இந்தியாவுக்கு விலக்கு எதுவும் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் கம்பெனியின் கணக்கு மோசடி வெளிவந்ததும் அந்தப் பங்கு ஒரே நாளில் மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மீட்புத் திட்டத்தில், 100 பங்கும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. ஆகவே நட்டக் கணக்கு எவ்வளவு இடம் தந்தாலும், ஒரே கம்பெனியில் மொத்த முதலீட்டில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது இரு நாட்டவருக்கும் பாதுகாப்பு.

வாங்காமலே பெருகும் அளவு

2020-இல் கொழும்பில் ஒற்றை இலக்க விலையில் கிடைத்த எக்ஸ்போலங்கா என்ற சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் பங்கு, கப்பல் சரக்குக் கட்டணங்கள் உலகெங்கும் ஏறியதால் 2022 ஜனவரியில் 300 ரூபாய்க்கு மேல் விற்றது. பிறகு அதே ஆண்டில் பாதிக்கும் மேல் சரிந்தது. மொத்தத்தில் 10 சதவீதமாக இருந்த ஒரு பங்கு பத்து மடங்காகி, மற்றவை அப்படியே நின்றால், அது மொத்தத்தில் பாதியைத் தாண்டிவிடும். ஒரு பங்கும் கூடுதலாக வாங்காமலே ஆபத்து ஐந்து மடங்காகிவிடுகிறது. ஏற்றத்தில் கொஞ்சம் விற்று அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் "எத்தனை" என்ற கேள்விக்குள் அடங்கும்.

விற்பதில் வரியும் குறுக்கே வருகிறது. இந்தியாவில் ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால், 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம். கொழும்பில் தனிநபர் பட்டியல் பங்கை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. பங்கிலாபத்தில்தான் 15 சதவீதம் பிடிக்கிறார்கள். அளவு பெருத்துவிட்ட பங்கைக் குறைக்க இலங்கையருக்கு வரித் தடை இல்லை. அந்த வசதியை அவர்கள் பயன்படுத்த வேண்டும்.

அளவு நம் கையில் இல்லாத இடம்

இந்தியாவின் பெரிய ஆபத்து, அங்கே வணிகம் செய்வது சுலபமாக இருப்பதுதான். அந்தச் சுலபம் பலரை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களுக்கு இழுக்கிறது. அவற்றில் எத்தனை என்பதை வாங்குபவர் முடிவு செய்வதில்லை, சந்தை நிர்ணயித்த லாட் அளவு முடிவு செய்கிறது. 2024 நவம்பரிலிருந்து குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பே 15 லட்சம் ரூபாய். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கணக்கிட்டுச் சொன்னது. நம் வீட்டுப் பிள்ளைகளின் சம்பளப் பணம் அதில் இருக்கிறது. 5 லட்சம் சேமிப்பு உள்ளவருக்கு 15 லட்சத்தின் ஏற்ற இறக்கம் தாங்காது. இங்கே சரியான எண் பூஜ்யம்.

இலங்கையர் இந்தியரிடமிருந்து மாதாமாதம் சிறு தொகை போடும் எஸ்ஐபி பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். யூனிட் டிரஸ்ட் (இந்தியாவின் மியூச்சுவல் ஃபண்ட் போன்றது) வழியாக அது அங்கேயும் முடியும். இந்தியர் கொழும்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வாங்கும் முன்னே விற்கும் வழியைப் பார்ப்பது. ஆர்டர் போடும் முன் மூன்று எண்களைத் தாளில் எழுதுங்கள்: இந்தக் கம்பெனியில் அதிகபட்சம் எவ்வளவு ரூபாய், நட்டம் வந்தால் செலவு உட்பட எவ்வளவு போகும், வெளியேற எத்தனை நாள். மூன்றில் எது மிகக் குறைந்த பங்கு எண்ணிக்கையைத் தருகிறதோ, அத்தனை மட்டும் வாங்குங்கள்.