கித்துள் பாணி: யாருடைய மரபு?

கண்டிக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பையில் கித்துள் பாணிப் போத்தல் ஒன்று இல்லாமலிராது. எருமைத் தயிர்ச்சட்டிக்கு அது வேண்டும். வட்டலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி வேண்டும். விற்பவர்கள் மன்னர் காலத்துச் சமூக மரபு, கண்டியின் பெருமை, கலப்பில்லாத தூய்மை என்று புகழ்வார்கள். அந்தப் புகழில் எவ்வளவு தேறும்?

பழமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1660இல் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கித்துள் மரத்தையும் அதன் இனிப்பு நீரையும், அதைக் காய்ச்சி எடுக்கும் கருஞ்சர்க்கரையையும் எழுதியிருக்கிறார். அவர் அரண்மனை விருந்தாளியல்லர். கண்டியை அடுத்த எலதெத்தவில் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தவர். சிறையிருந்த ஊரின் வீட்டு முற்றத்தில் கண்டதைச் சொன்னதாலேயே அந்தச் சாட்சியை நம்பலாம்.

‘சமூக மரபு’ என்னும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. கண்டி மன்னராட்சியில் கருப்பட்டியும் பாணியும் கொடுப்பது வகும்புர சாதியாரின் ராஜகாரிய. நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாகச் செய்யவேண்டிய ஊழியம் அது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1832இல் ஆங்கிலேயர் ராஜகாரியவை ஒழித்தார்கள். ஆனால் விகாரை, தேவாலய நிலங்களில் ஊழியம் தொடர்ந்தது. அதைப் பணமாகச் செலுத்திவிட 1870இன் சட்டம்தான் வழிவிட்டது. ஊர் கூடி மகிழ்ந்து செய்த தொழில் என்று இதை வர்ணிப்பது வரலாற்றுக்குச் சீனிப்பாகு பூசுவது. மரத்துப் பாகை ஊர்ப் பெருமையாகக் கொண்டாடுவது வேறு நாட்டிலும் உண்டு: கனடாவின் எல்மைரா நகரில் 1965 முதல் மேப்பிள் பாகுத் திருவிழா நடக்கிறது. அங்கும் மரத்திலிருந்து இனிப்பு எடுக்கும் வித்தையை முதலில் அறிந்திருந்தவர்கள் ஆதிக்குடிகளே. மேப்பிள் நீரில் நாற்பது லீற்றர் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாகு. கித்துளுக்கு ஏழெட்டு லீற்றர் போதும். மரம் தாராளமானது, மனிதர் அப்படியில்லை.

வித்தை முழுவதும் மரமேறியின் கையில்தான். பாளை முற்றாக விரியுமுன் அதைக் கீறி, சாம்பல், உப்பு, மிளகு, சுண்ணாம்பு என்று மருந்து வைத்துக் கட்டுவார். மருந்தின் அளவும் சேர்மானமும் ஆளுக்கு ஆள் வேறு. மகனுக்கன்றி வெளியே சொல்லமாட்டார்கள். பிறகு காலையும் மாலையும் ஏறி மெல்லிய சீவலாகச் சீவவேண்டும். முட்டியில் ஹல் மரப்பட்டை போட்டால் நீர் புளிக்காமல் நிற்கும். போடாவிட்டால் வெயில் ஏறுமுன் கள்ளாகிவிடும். பாணிக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது அந்தப் பட்டைத் துண்டு மட்டுமே. 1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்க உரிமம் கேட்டது. அன்றிலிருந்து, கித்துள் மரத்தில் முட்டி கட்டுகிறவர் தாம் பாணிக்காரர் என்று நிரூபிக்கவேண்டிய ஆளாகிவிட்டார்.

இத்தனைக்கும் மரம் நிலைத்து நிற்பதுமல்ல. உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாளை விட்டு, கடைசிப் பாளையோடு பட்டுப்போகும். விதையை மரநாய் தின்று கழித்த இடத்தில்தான் பெரும்பாலும் புதுக் கன்று முளைக்கிறது. தென்னையைப்போல வரிசை பிடித்து நட்டவர் குறைவு. கண்டி வீட்டுத்தோட்டத்தில் பலா, கமுகு, மிளகுக்கொடியோடு தானாக வந்து நிற்கும் மரம் இது. அதையும் யானைத் தீவனத்துக்கு வெட்டுகிறார்கள். யானைகள் செல்லும் பெரஹரா ஊர்வலம், பாணி இரண்டுமே கண்டியின் பெருமை என்கிறோம். பெரஹரா யானையும் பாணிப் பானையும் ஒரே மரத்துக்குப் போட்டியிடுகின்றன.

தூய்மை என்ற கடைசி உரிமைகோரலுக்கு என் சமையலறையே சாட்சி. தெருவோரம் ‘அசல்’ என்று வாங்கிய போத்தலின் அடியில் இரண்டு வாரத்தில் சீனி மணிமணியாக உறைந்து கிடந்தது. விற்றவரைக் கள்வர் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் தினமும் இருமுறை உயிரைப் பணயம் வைத்து ஏறி, விறகு எரித்துக் காய்ச்சியதும், பாதி சீனிப்பாகு கலந்ததும் ஒரே விலைக்குப் போனால் எவர் மகன் மரமேறுவான்?

வடக்கில் பனைக்கு 1978இலேயே பனை அபிவிருத்தி சபை வந்தது. சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் குறைகளைப் பற்றித் தனியே எழுதலாம். இருந்தாலும் ஏறுகிறவனுக்கு அங்கே ஒரு பெயரும் சங்கக் கணக்கில் ஒரு பக்கமும் உண்டு. கண்டிப் போத்தலில் அரசர் இருக்கிறார், மலை இருக்கிறது; ஏறியவர் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு: மரபு உண்மை, அதன் வயதும் உண்மை. அதைக் கண்டி நகரத்தின் மரபு என்பது மட்டும் செல்லாது. நகரம் நானூறு ஆண்டுகளாக இதைத் தின்றிருக்கிறது. செய்தவர்கள் உடுநுவரவிலும் தும்பறையிலும் மரத்தின்மேல் இருந்தவர்கள். போத்தலின் முகப்பில் மன்னரை எடுத்துவிட்டு மரமேறியின் பெயரையும் ஊரையும் அச்சிடட்டும். அப்படியொரு போத்தல் வந்தால் இரட்டிப்பு விலை கொடுத்தும் வாங்குவேன்.