அரண்மனையா, அலமாரியா?

பூதலூரில் ரயில் ஏறினால் தஞ்சாவூர் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் எங்க ஊர்க்காரர்களில் பலர் அரண்மனையைப் பார்த்தது பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனோடு சரி. 'அங்கே என்னப்பா பார்த்தே?' என்று கேட்டுப் பாருங்கள். 'திமிங்கல எலும்பு!' என்பார்கள்.

1955-ல் தரங்கம்பாடியில் கரை ஒதுங்கிய திமிங்கலம் அது. ராஜாக்களைவிட அதற்குப் பேர் வந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம்!

16-ம் நூற்றாண்டில் நாயக்கர்கள் ஆரம்பித்து, மராட்டியர்கள் விரிவாக்கிய அரண்மனை. 1855-ல் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. ராஜா இல்லாத அரண்மனை என்ன ஆகும்? இடிந்து விழும், அல்லது வேறு வேலைக்குப் போகும். இது வேலைக்குப் போனது. ராஜாக்களின் நூலகம் 1918-ல் பொதுமக்களுக்கான சரஸ்வதி மகால் ஆனது. 1951-ல் கலைக்கூடம் வந்தது.

நான் பி.காம். படித்தவன். சும்மா கிடக்கிற சொத்துதான் சீக்கிரம் தேயும் என்பது எனக்குத் தெரியும். பாரீஸில் லூவர் அரண்மனை பிழைத்ததும் 1793-ல் மியூசியமாக மாறியதால்தானே!

ஆனால், ஒரு சிக்கல். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் எதிரே நிற்கிறோம். ஆயிரம் வருஷத்துச் சோழர் செம்பு. தலைப்பாகை அழகில் சொக்கிப்போகிறோம். சரி, நம் தலைக்கு மேலே இருக்கிற கூரையை யார் பார்க்கிறோம்?

நாயக்கர் தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கிற பளிங்கு சரபோஜியைப் பாருங்கள். கட்டியவர் நாயக்கர், நிற்பவர் மராட்டியர், செதுக்கியவர் ஆங்கிலேயர் பிளாக்ஸ்மன், சுற்றிலும் சோழர் சிலைகள். தஞ்சாவூர்ச் சரித்திரமே ஒரே கூரைக்குக் கீழே! அந்தக் கூரையும் சரித்திரம்தான் சார். செங்கல், சுண்ணாம்பு, சுதை. மழைத்தண்ணி இறங்கினால் செம்பு தாங்கும்; சுதை தாங்காது.

என்னைக் கேட்டால், சிலைக்குப் பெயர்ப்பலகை வைப்பதுபோல தூணுக்கும் வளைவுக்கும் வைக்க வேண்டும். 'இது யார் கட்டியது, எதற்குக் கட்டியது' என்று இரண்டு வரி போதும். பேர் தெரிந்த பொருளைத்தான் ஜனங்கள் காப்பாற்றுவார்கள். பேர் தெரியாததை அலமாரி என்று நினைத்துவிடுவார்கள்.

அடுத்த தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். திமிங்கலத்தைக் காட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அப்படியே கொஞ்சம் அண்ணாந்தும் பார்க்கச் சொல்லுங்கள்!