குறுக்கெழுத்துச் சொற்பட்டியலும் மலையகத் தமிழும்

குறுக்கெழுத்துப் புதிரின் தரத்தை நிர்ணயிப்பது அதன் கட்டமைப்பன்று; சொற்பட்டியலேயாகும். கணினியால் புதிர் அமைக்குமிடத்து இருவகைக் குறைகள் நேர்தல் கூடும்.

முதலாவது எண்ணிக்கை பற்றியது. ‘கொழுந்து’ என்பதில் எழுத்து 4; ஒருங்குறி முறையிலோ குறியீடுகள் 8. உயிர்மெய் 216-ஐயும் தனித்தனி எழுத்தாகக் கொள்ளும் இலக்கண மரபுக்கேற்ப மென்பொருள் எண்ணாவிடின் கட்டங்கள் பிறழும். இது திருத்தற்கெளிது.

மற்றையது பொருள் பற்றியது. இசையறிந்தோர்க்கு ‘லயம்’ தாளவொழுங்கு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு. ‘பிரட்டு’ என்பது காலையில் வேலை பகிர்ந்தளிக்கக் கூட்டும் கூட்டம். இவற்றை வழுவெனக் கருதி நீக்கின், தோட்டத்து மாணவர் தம் வீட்டுச் சொல்லைத் தமிழன்றென எண்ண நேரும். பொழுதுபோக்கெனப்படும் புதிரும் இவ்வாறு மொழித்தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக நாட்டார் பாடல்கள் போன்றவற்றினின்றும் சொற்கள் திரட்டப்படல் வேண்டும். சொல், எழுத்தெண்ணிக்கை, பொருள், வழங்குமிடம் ஆகிய நான்கும் பட்டியலில் ஒருங்கே அமைதல் வேண்டும். அப்பொழுதே ‘லயம்’ என்னும் மூன்று கட்டங்களுக்கு இரு குறிப்புகளும் ஒப்ப உரிமை பெறும்.