விழுந்தால்தான் ஆவணம்: ஒரு சாகச நிகழ்ச்சியின் மறைவு குறித்துச் சில கேள்விகள்

1977 ஜனவரி 31 அன்று சிகாகோ நகரத்து இன்டர்நேஷனல் ஆம்பிதியேட்டரை மையமாக வைத்து அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒரு சிறப்பு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பெயர் ‘ஈவல் கனீவல்ஸ் டெத் டிஃபையர்ஸ்’. சாவுக்குச் சவால் விடுகிறவர்கள் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். தொகுத்து வழங்கியவர் ‘கோஜாக்’ தொடரில் நடித்துப் பிரபலமான டெலி சவாலஸ். நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்க்கச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: உயிருள்ள சுறாக்கள் நீந்தும் தொட்டியின் மேல் மோட்டார் சைக்கிளில் ஈவல் கனீவல் தாவப்போகிறார். 1975இல் வந்த ‘ஜாஸ்’ படம் சுறாவை நல்ல விலைபோகும் பயமாக மாற்றி வைத்திருந்தது.

நேயர்களுக்கு வாக்களித்த தாவல் நடக்கவில்லை. ஒத்திகையிலேயே வண்டி கைமீறிப் போனது. கனீவலுக்குக் கையும் காறையெலும்பும் முறிந்தன. வண்டி போய் மோதியது ஒரு கேமராக்காரர் மேல். அவருக்குக் கண்ணில் அடி. ஆனால் நிகழ்ச்சி நிற்கவில்லை. மற்ற சாகசக்காரர்கள் வந்தார்கள், அவரவர் வேலையைச் செய்தார்கள். நடுவில் இருக்க வேண்டிய சமாச்சாரம் இல்லாமலேயே ஒரு ‘சிறப்பு நிகழ்ச்சி’ ஓடி முடிந்தது. அதாவது, தொலைந்துபோவதற்கு முன்பே அது தன் மையத்தைத் தொலைத்திருந்தது.

எட்டு மாதம் கழிவதற்குள், 1977 செப்டம்பரில், ஏ.பி.சி.யின் ‘ஹேப்பி டேஸ்’ தொடரில் ஃபான்ஸி என்ற கற்பனைப் பாத்திரம் நீர்ச்சறுக்குப் பலகையில் நின்று ஒரு சுறாவைத் தாண்டியது. சரக்குத் தீர்ந்தும் ஓடிக்கொண்டிருக்கிற தொடர்களைப் பற்றி ‘சுறாவைத் தாண்டியாச்சு’ என்று ஆங்கிலத்தில் சொல்கிற வழக்கு பிற்காலத்தில் இதிலிருந்துதான் பிறந்தது. நிஜமாக எலும்பு முறிந்ததும் கண்ணில் அடிபட்டதும் மொழியில் எந்தத் தடமும் பதிக்கவில்லை. யாருக்கும் கீறல்கூட விழாத கற்பனைத் தாவல் வழக்குச்சொல்லாக நின்றுவிட்டது. இந்த வேடிக்கையைச் சும்மா விட்டுவிட முடியாது.

பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடித் திரிகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘நாடா எங்கே?’ நியாயமான கேள்விதான். அகல நாடாக்கள் விலை கூடியவை. அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்பதே அவற்றின் ‘வசதி’. 1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பௌல் ஆட்டத்தை இரண்டு நிறுவனங்கள் ஒளிபரப்பின. இரண்டுமே தங்கள் நாடாவைக் காப்பாற்றி வைக்கவில்லை. 1969இல் மனிதன் நிலவில் இறங்கியபோது நேரடியாகப் பதிவான மூல நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்கலாம் என்ற முடிவுக்கு நாசாவே 2009இல் வந்தது. பி.பி.சி. 1960களிலும் 70களிலும் அழித்தவை கணக்கில் அடங்கா. நிலவுக்கே இந்தக் கதி என்றால் சிகாகோவின் சுறாத் தொட்டி எம்மாத்திரம்? வீட்டில் பதிந்துவைக்கும் கருவி 1977 தொடக்கத்தில் அபூர்வம். ஒளிபரப்பு முடிந்தால் முடிந்ததுதான்.

ஆனால் நாடாவின் விலையை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சாகச நிகழ்ச்சி என்ற பிரதிக்குள்ளேயே அதன் அழிவுக்கான விதி எழுதப்பட்டிருக்கிறது. அதன் சரக்கு என்ன? ‘இப்போது, இந்த நிமிஷம், என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது’ என்பது. வீரன் பத்திரமாகத் தரையிறங்கியதும் அந்தச் சரக்கு தீர்ந்துபோகிறது. நேற்று பிழைத்தவனை இன்று மறுபடி பார்க்க யார் உட்காருவார்கள்? நாடகத்தை நூறு முறை பார்க்கலாம், பாட்டை ஆயிரம் முறை கேட்கலாம். முடிவு தெரிந்த சாகசம் மட்டும் அடுத்த நாளே பழைய சோறு. அதைக் கெடாமல் வைக்கிற உப்பு ஒன்றே ஒன்றுதான்: வீழ்ச்சி.

இதற்கு ஒரு கணக்குச் சான்று உண்டு. 1967 டிசம்பர் 31 அன்று லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பாலஸ் ஹோட்டலின் நீரூற்றுகளைத் தாண்டினார் கனீவல். நேரடியாக ஒளிபரப்பும்படி ஏ.பி.சி. நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்கப்பட்டது; அவர்கள் தயாராக இல்லை. எனவே கனீவல் தன் கைக்காசைப் போட்டு ஜான் டெரக்கை வைத்துப் படமெடுக்க ஏற்பாடு செய்தார். தரையிறங்கும் பக்கத்துக் கேமராவை இயக்கியவர் நடிகை லிண்டா எவன்ஸ். வண்டி சரிவுப் பலகையில் தப்பாக விழுந்தது. உடம்பு பொம்மைபோல் உருண்டது. அதற்குப் பிறகு ஏ.பி.சி. அந்தப் படத்தை விலை கொடுத்து வாங்கியது. தாவப்போகிற உடம்புக்கு விலையில்லை, நொறுங்கிய உடம்புக்கு விலை உண்டு! ஈவல் கனீவல் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அந்த நொறுங்கலில்தான். இங்கே தோல்வி என்பது தொழிலின் மூலதனம்.

1977 நிகழ்ச்சியில் பங்கெடுத்த இன்னொருவர் கார்ல் வாலண்டா. 1905இல் ஜெர்மனியின் மாக்டெபூர்க்கில் பிறந்தவர். கம்பிமேல் நடக்கிற குடும்பம். 1962இல் டெட்ராய்ட்டில் இந்தக் குடும்பத்தின் ஏழு பேர் கோபுரம் கம்பியிலிருந்து சரிந்து இருவர் இறந்தார்கள், ஒருவருக்கு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. அதன் பிறகும் நடந்த மனிதர். 72 வயதில் மயாமி பீச்சில் இரு ஹோட்டல்களுக்கிடையே கட்டிய கம்பியில் அந்த நிகழ்ச்சிக்காக நடந்து முடித்தார். விழவில்லை. அதனால் அந்த நடையை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1978 மார்ச் 22 அன்று, புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஒரு ஹோட்டலின் இரு கோபுரங்களுக்கிடையே நடக்கும்போது பலத்த காற்றில் தடுமாறி விழுந்து இறந்தார். உள்ளூர்த் தொலைக்காட்சி அதைப் படமெடுத்தது. அந்தப் படம் தொலையவில்லை. தொலையவும் தொலையாது. வாலண்டா என்றால் இன்றைக்கும் முதலில் காட்டப்படுவது அதுதான்.

பல பத்தாண்டுகள் கம்பிமேல் நடந்த ஒரு கலைஞனை, விழுந்த சில வினாடிகளாகச் சுருக்கி வைத்திருக்கிறது காட்சி ஊடகம். ‘காப்பாற்றி வைத்தல்’ என்பதன் அரசியல் இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. எது காப்பகத்துக்குள் போகிறது, எது குப்பைக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது கலையின் மதிப்பல்ல, திரும்பத் திரும்பப் போடமுடியுமா என்ற சந்தை மதிப்பு. சாவு திரும்பத் திரும்ப விற்கும்.

நம் மொழியில் புழங்குகிற ‘சாகசம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். வடமொழி ‘சாஹஸ’த்திலிருந்து வந்தது. இன்றைக்கு அது வீரம், துணிச்சல், சிறுவர் கதைப் புத்தகம். பழைய சட்ட நூல்களில் அது ஒரு குற்றத்தின் பெயர். உரியவர் கண்ணெதிரே வலுவில் பறிப்பது சாகசம், அவர் அங்கே இல்லாதபோது எடுப்பது திருட்டு என்று இரண்டையும் பிரித்து வைக்கிறது அர்த்தசாஸ்திரம். குற்றப்பெயர் எப்போது, எப்படி வீரப்பெயராக மாறியது என்பது தனி ஆய்வு. ஆனால் பழைய அர்த்தத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டால் தொலைக்காட்சியின் ‘சாகசம்’ சட்டென்று புரிந்துவிடுகிறது. நேரடி ஒளிபரப்பு என்பது எல்லோர் கண்ணெதிரேயும் ஓர் உடம்பிலிருந்து வலுவில் பறிப்பது. பிறகு அதே உடம்பின் உழைப்பை ஆள் இல்லாத நேரத்தில் அழித்துவிடுவது திருட்டு. முதலாவதற்குக் கைதட்டல் உண்டு. இரண்டாவதற்குச் சாட்சியே கிடையாது.

‘யாரும் பலவந்தப்படுத்தலையே, அவங்களாத்தானே வந்தாங்க, காசு வாங்கினாங்க’ என்று ஒரு வாதம் வரும். வரட்டும். கனீவலையும் வாலண்டாவையும் வைத்து இதைப் பேசினால் பாதிதான் பேசியதாகும். அவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். ஆபத்தைத் தங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள். சிகாகோவில் கண்ணில் அடிபட்ட கேமராக்காரர் எந்தச் சாவுக்கும் சவால் விடவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சியின் தலைப்பில் அவருக்கு இடமில்லை, விளம்பரத்தில் இடமில்லை. ஆபத்து மட்டும் அவரைத் தேடி வந்தது. நட்சத்திரத்தின் முறிந்த கை செய்தியாகும்போது தொழிலாளியின் கண் அந்தச் செய்திக்குள் ஒரு துணைவாக்கியம் ஆகிறது. வர்க்கம் இலக்கணத்துக்குள்ளும் வேலை செய்யும்.

ஒன்பது ஆண்டு கழித்து பிரிட்டனில் இந்தத் துணைவாக்கியமே முழு வாக்கியமாயிற்று. பி.பி.சி.யின் சனிக்கிழமைக் கேளிக்கை நிகழ்ச்சி ‘தி லேட், லேட் பிரேக்ஃபாஸ்ட் ஷோ’. நடத்தியவர் நோயல் எட்மண்ட்ஸ். அதில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எந்தச் சாகசம் என்று முடிவுசெய்து, சாதாரண நேயர் ஒருவரைப் பயிற்சி கொடுத்துச் செய்யவைக்கும் பகுதி உண்டு. 1983இல் இந்த நிகழ்ச்சிக்காகக் காரைத் தாவவிட்ட ஓட்டுநர் ஒருவர் படுகாயமடைந்தார். பீரங்கியிலிருந்து எறியப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தோள் முறிந்தது. எச்சரிக்கை என்றால் இதைவிட என்ன வேண்டும்? சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. 1986 நவம்பர் 13 அன்று, 120 அடி உயரப் பாரந்தூக்கியில் தொங்கிய, வெடித்துத் திறக்கும் பெட்டியிலிருந்து மீள்கயிறு கட்டிக் குதிக்கும் ஒத்திகை. கயிற்றைப் பிணைத்த கொக்கி கழன்றது. இறந்தவர் கட்டட வேலையில் செங்கல் சுமந்துகொண்டிருந்த ஓர் இளைஞர். எட்மண்ட்ஸ் விலகினார், நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அந்தச் சனிக்கிழமை போகவேண்டிய பகுதி போகவே இல்லை.

‘தொலைந்துபோன நிகழ்ச்சி’ என்றால் என் பார்வையில் இதுதான் முழுமையாகத் தொலைந்தது. எந்தக் கிடங்கைக் குடைந்தாலும் அது அகப்படாது. ஏனென்றால் அது உருவாகவில்லை. உருவாகியிருந்தால்? அந்த இளைஞர் பிழைத்துச் சிரித்திருப்பார், சனிக்கிழமை கைதட்டியிருப்பார்கள், திங்கட்கிழமை அவர் மறுபடி செங்கல் சுமக்கப் போயிருப்பார், அந்த நாடாவை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். தினமும் சாரத்தின் மேல் ஏறி இறங்குகிற உடம்பு அவருடையது. அங்கே அவருக்கு இருந்த ஆபத்தை எந்தக் கேமராவும் கண்டுகொள்ளவில்லை. கேளிக்கையாக மாற்றித் தந்தபோதுதான் அதே உடம்பின் ஆபத்து ‘காட்சி’ ஆனது. 1967இல் கி தெபோர் காட்சிச் சமூகம் பற்றி எழுதியதை இங்கே மேற்கோள் காட்டாமலேயே புரிந்துகொள்ளலாம்: வேலைத்தலத்தில் மறைக்கப்படுவது திரையில் கொண்டாடப்படுகிறது, கொண்டாட்டம் மறைப்புக்கு உதவுகிறது.

பூக்கோவை வாசித்தவர்கள் வேறொரு கோணத்தில் இதைப் பார்க்கக்கூடும். பொதுவெளியில் உடலை வதைக்கும் தண்டனை மறைந்தது என்றார் அவர். மறைந்ததுதான் தொலைக்காட்சியில் வேறு உருவில் திரும்பி வந்ததா? ஓரளவு சரி. ஒரு வித்தியாசம் உண்டு. கழுவேற்றப்பட்டவனிடம் கையெழுத்து வாங்கவில்லை. இங்கே ஒப்பந்தம் உண்டு, கையெழுத்து உண்டு. அதிகாரம் நாகரிகமடைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2014 நவம்பரில் கார்ல் வாலண்டாவின் கொள்ளுப்பேரன் நிக் வாலண்டா அதே சிகாகோவில் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே கம்பிமேல் நடந்ததை டிஸ்கவரி ‘நேரடியாக’ ஒளிபரப்பியது. அந்த நேரடிக்கு 10 வினாடித் தாமதம் வைத்திருந்தார்கள். விழுந்தால் திரையைத் திருப்பிக்கொள்ள அந்த 10 வினாடி. இதை மனிதாபிமானம் என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்த 10 வினாடியில் நேயர் பதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஏற்கனவே முடிந்துபோன ஒரு சங்கதியை. சாகப்போகிறவனின் புகைப்படத்தில் நடக்கப்போவதும் நடந்துமுடிந்ததும் ஒருசேர இருப்பதாக ரோலண்ட் பார்த் கண்ட அதே காலக் குழப்பம், இங்கே ஒரு நிறுவனத்தின் விசைப்பலகையில் உட்கார்ந்திருக்கிறது. என்ன நடக்கும் என்று நேயருக்குத் தெரியாது, நிறுவனத்துக்குத் தெரியும். நேயரின் பதைப்பு 10 வினாடி பழையது.

இதனால் சாகசக் கலையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கம்பிமேல் நடப்பது மகத்தான கலை. அதன் முழு அர்த்தமும் விழாமல் இருப்பதில் இருக்கிறது. பாதத்தின் நுட்பம், சமன்கோலின் எடை, கம்பியின் அதிர்வு, இவற்றைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு வெற்றிகரமான நடை ஒவ்வொன்றும் புதிது. காட்சி ஊடகம் அந்தக் கண்ணை நமக்குத் தரவில்லை. விழுவானா மாட்டானா என்ற ஒற்றைக் கேள்வியைத்தான் தந்தது. பார்வையாளன் கெட்டவன் என்பதில்லை. அவனுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

கார்ல் வாலண்டா விழுந்ததற்குக் காற்றை மட்டும் குறைசொல்ல முடியாது, கம்பியை இழுத்துப்பிடிக்கும் துணைக்கயிறுகள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன என்று அவர் குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். ஆக, சிகாகோவின் கேமராக்காரர், பிரிட்டனின் கொக்கி, சான் ஹுவானின் கயிறுகள் என்று எங்கே போனாலும் நாம் வந்து சேர்வது திரைக்கு வெளியே நடந்த வேலையிடம்தான். பழைய சாகச நிகழ்ச்சி ஏதாவது கிடங்கிலிருந்து கிடைத்தால் போட்டுப் பாருங்கள். நடுவில் தாவுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். ஓரத்தில் கயிறு பிடித்துக்கொண்டு, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை எண்ணுங்கள். அவர்களைச் சட்டகத்துக்குள் கொண்டுவராத வரைக்கும் எந்த நாடா கிடைத்தாலும் நிகழ்ச்சி தொலைந்ததாகத்தான் இருக்கும்.