ஓர் ஊரும் ஐந்து தொகுதிகளும்

திருவண்ணாமலையைப் பற்றி 1989 முதல் 1999 வரை ஐந்து தொகுதிகளாக ஓர் ஆய்வு வெளிவந்தது. புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் அரிய முயற்சி அது. கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசன் தொகுத்தார். கட்டடங்களை லெர்னோ அம்மையாரும், கோயிலின் சமூக அமைப்பை ரைனிஷ் அம்மையாரும் ஆராய்ந்தனர். நகரைக் குறித்த தொகுதியில் மக்கள்தொகை அறிஞரும் கட்டடக்கலை அறிஞரும் கைகோத்தனர்.

இக்கூட்டுறவின் பயன் பெரிது. கொடை இன்னதெனக் கல்வெட்டு கூறும். அக்கொடையால் யார் என்ன மதிப்புப் பெற்றார் என்பதைச் சமூகவியலன்றோ விளக்கும்!

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க நம்மால் இயலவில்லை. கல்வெட்டுத் தொகுதி ஆங்கிலத்தில் உள்ளது. ஏனைய நான்கும் பிரெஞ்சில் உள்ளன. அறிஞர் அவையில் ஏற்றம் பெற்ற நூல், தேரடி வீதியில் கடை வைத்திருப்பவருக்கு எட்டவில்லை. தம் ஊரின் வரலாற்றை அவர் எம்மொழியில் படிப்பார்?

நமக்கும் இதில் பங்குண்டு. திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் மதுரை சுல்தானோடு பொருது மாண்டதை, அக்காலத்தில் மதுரைக்கு வந்த இப்னு பதூதா அரபியில் எழுதிவைத்தார். கல்வெட்டு மட்டும் கற்றவருக்கு அந்நூல் எட்டாது. அரபி மட்டும் கற்றவருக்குக் கல்வெட்டு எட்டாது. நம் மதரஸாக்களில் அரபி பயின்றோர் கல்வெட்டறிஞரோடு ஒரே பாயில் அமரட்டும். கண்டதைத் தமிழில் எழுதட்டும். ஊரிலிருந்து பெற்ற அறிவை ஊருக்கே திருப்பித் தருவதுதான் ஆய்வின் நிறைவு என்போம்.